காத்த உயிர் காக்கும்



உடலுக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியில் கை வைத்து அறிந்துகொள்ளலாம். உள்ளம் வெதும்பினால் எங்கே கை வைத்து அறிவது? நம் பெங்களூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். ஆயினும் தம் துக்கத்தைச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாதார் எத்தனையோ பேர். இத்தகையோர்க்கு, மனிதரால் கைவிடப்பட்டு மனிதராலேயே மீட்கப்பட்ட குதிரையும் நாயும் பெருந்துணையாகக் கூடும். அத்துணை எவ்வழியில் கிட்டும், எவ்வழியில் கிட்டாது என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில் நம் நகரத்துச் செய்தி. கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேய மாது 1959-ஆம் ஆண்டில் தில்லியில் வீதியோரம் வீழ்ந்து கிடந்த குதிரையொன்றைக் கண்டார். உயிர் போகுமுன்னரே அதன் கண்களைக் காக்கைகள் கொத்தியிருந்தன. அக்காட்சி அம்மாதின் வாழ்வையே திருப்பிவிட்டது. தில்லியில் விலங்குகளுக்கு ஒரு புகலிடம் கண்டார். பின்னர் ஜெயப்பூரில் ஒன்று கண்டார். எண்பது வயதைக் கடந்த முதுமையில் 1991-ஆம் ஆண்டு நம் பெங்களூரில் ‘கியூப்பா’ என்னும் சங்கத்தைத் தொடங்கினார். 1996-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை. சாகக் கிடந்த ஒரு குதிரை, மூன்று நகரங்களில் கணக்கற்ற உயிர்களுக்குப் புகலிடம் ஈந்தது என்றே கூறலாம்.

இனி, இவ்விலங்குகள் மனிதர் மனத்தைத் தேற்றுவது எங்ஙனம்? குதிரை புல் தின்னும் பிராணி. கொடிய விலங்குகளுக்கு இரையாகும் குலத்திற் பிறந்தது. ஆதலின் சுற்றிலும் நிகழும் சிறு அசைவையும் ஓயாது கவனிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு விரைந்து வருவோனைக் கண்டால் விலகும். மூச்சு அடங்கி மெல்ல வருவோனை அருகே வர விடும். அடிபட்டு மீண்ட குதிரையின் எச்சரிக்கையைச் சொல்லவே வேண்டா. அதனருகே செல்ல விரும்புவோன் தன் சினத்தையும் பதற்றத்தையும் வாயிலிலேயே இறக்கி வைத்தல் வேண்டும். மூச்சைக் கவனிக்கும் ஆனாபான சதியை நாம் பயில்கிறோம் அன்றோ? வாய் பேசாத ஆசான் ஒருவன் அதனை நமக்குக் கற்பிப்பது போன்றது இது.

டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்ட்டெல் என்னும் மாது இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே வலுவிழந்தவர். பிறர் தூக்கி ஏற்றிவிடக் குதிரைமேல் அமர்ந்த அவர், 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதன் பின்னர் ஊனமுற்றோர்க்குக் குதிரையேற்றத்தால் நலம் தேடும் முறை பல நாடுகளிலும் பரவிற்று. குதிரை நடக்குங்கால் ஏறியிருப்பவரின் இடுப்பு, தாமே நடப்பது போல் அசைகிறது. கால் தராத நடையைக் குதிரை தருகிறது; அந்நடையோடு தன்னம்பிக்கையும் வருகிறது.

நாயின் வழி வேறு. அது நம்மை நாடி வரும். நியூயார்க்கு நகரத்து உளநூல் அறிஞர் போரிஸ் லெவின்சன், பிறரிடம் நெருங்காத குழந்தைகள் தம் நாயுடன் எளிதில் உறவாடுவதைக் கண்டு, 1960-களின் தொடக்கத்தில் அதனை எழுதி வெளியிட்டார். நாயும் அதனை வளர்ப்பவரும் கண்ணோடு கண் நோக்குங்கால், தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை உண்டாக்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவரிடத்திலும் மிகுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2015-இல் அறிவித்தனர். ‘இருவரிடத்திலும்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். ஆறுதல் ஒரு பக்கம் மட்டும் பாய்வதன்று.

நம்மோடு பஞ்சாலையில் தறி ஓட்டிய தோழர் ஒருவர் இருந்தார். ஆலை மூடிய பின் வேலை போயிற்று. ஓராண்டுக்குள் மனைவியும் காலமானார். சங்கு ஊதாத ஊரில் எதற்காக எழுவது என்று பகலிலும் படுத்தே கிடந்தார். அவர் தெருவில் வண்டி மோதி ஒரு நாயின் பின்னங்கால் முறிந்தது. அதன் ஓலம் பொறுக்கமாட்டாமல் எழுந்து சென்றவர், அதைச் சாக்கில் கிடத்தி ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். காலையும் மாலையும் புண்ணுக்கு மருந்திட வேண்டும் என்றார் மருத்துவர். அன்றுமுதல் காலையில் எழுவதற்குத் தோழருக்கு ஒரு காரணம் கிடைத்தது. ‘நாய்க்கு எப்படி இருக்கிறது?’ என்று தெருவார் கேட்கத் தொடங்கினர். அவரைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாயைப் பற்றிப் பேச வாய் திறந்தவர், நாளடைவில் தம்மைப் பற்றியும் பேசலானார். நாய் மூன்று காலால் நடந்தது. தோழரும் மெல்ல நடமாடத் தொடங்கினார்.

இது புதுமையன்று. நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை எண்ணிப் பாருங்கள். பெற்றவளால் கைவிடப்பட்ட அக்குழவிக்கு ஏழு நாள் பால் சொரிந்து காத்தது ஓர் ஆ. அவனே வளர்ந்தபின், வேள்வியிற் பலியிடக் கட்டிய பசுவை அவிழ்த்துச் சென்றான். அதன்பொருட்டு அடியும் பழியும் ஏற்றான். அவன் கைக்கே பின்னர் அமுதசுரபி வந்தது. காக்கப்பட்டவன் காத்தான்; காத்தவன் பலருக்கும் ஊட்டினான். பாத்திரம் கிடைக்கும் என்று எண்ணியா அவன் பசுவை அவிழ்த்தான்? இல்லை. அதுவே கருணை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். மீட்கப்பட்ட விலங்கு மன நலம் தரும் என்று அறிந்தவுடன், அதனை ஒரு மருந்துப் புட்டியாகக் கருதும் ஆசை எழும். பாரவண்டியிலிருந்து அவிழ்த்த குதிரையை மருத்துவம் என்னும் பெயரால் மற்றொரு நுகத்திற் பூட்டுதல் தம்மமாகுமா? சித்தார்த்தரைப் பிரிந்த துயரத்தால் கந்தகன் என்னும் குதிரை உயிர் நீத்ததாக நம் நூல்கள் உரைக்கின்றன. விலங்குக்கும் துக்கமுண்டு. நாய் வாலை ஒடுக்கி, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்புமாயின், ‘இப்போது வேண்டா’ என்பதே அதன் பொருள். விலகிச் செல்லும் உரிமை அதற்கு இருத்தல் வேண்டும். தானே விரும்பி வரும் விலங்கினிடம் கிட்டும் ஆறுதலே மெய்யான ஆறுதல்.

மைத்திரி ஒருபக்கச் சாய்வும் அன்று. 2023-இல் மாநகராட்சி எடுத்த கணக்கின்படி பெங்களூரில் தெருநாய்கள் ஏறத்தாழ 2.79 இலட்சம். கடிபட்ட குழந்தையின் தாய் கொள்ளும் அச்சமும் துக்கமே. அதனை எள்ளி நகையாடுவோன் கருணையுடையோன் அல்லன். ஆதலின் உணவிடுவோர் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் துணை செய்க. நாய் கடித்தால் உடனே சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்க. அவ்வாறே, மனநோய் முற்றியவர்க்கு நாயே போதும் என்று இருந்துவிடலாகாது. நம் ஊரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்கே அழைத்துச் செல்லுங்கள். விலங்கு துணையாகும், மருத்துவருக்கு மாற்றாகாது.

அன்பர்களே! நாயை வீட்டில் வளர்க்க இடமில்லையே என்பீர். வாயிலில் ஒரு சட்டி நீர் வைக்க இடமுண்டு. வரும் பௌர்ணமியன்று விலங்குப் புகலிடம் ஒன்றிற்குச் சென்று, அங்குள்ளோர் கூறும் வேலையை ஒரு மணி நேரம் செய்யுங்கள். லாயத்தைக் கூட்டுங்கள், நீர் சுமந்து ஊற்றுங்கள். உங்கள் தெருவில் பேச்சிழந்து கிடக்கும் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆறுதல் தேடி அவர் வரவேண்டா. கை கொடுக்க ஆள் குறைகிறது என்று சொல்லி அழையுங்கள். தம்மை வேண்டும் உயிர் ஒன்று உண்டு என்று அவர் அறியட்டும்.

சகல ஜீவராசிகளும் துக்கம் நீங்கி அமைதி பெறுக!