சிறைப்பட்ட துறவியும் சினங்காத்தலும்

பொறையுடைமையை இல்லறவியலினும், வெகுளாமையைத் துறவறவியலினும் வைத்தோதினார் திருவள்ளுவர். பிறர் செய்த மிகைக்கு எதிர்செய்யாமை முன்னது; அதுபற்றி மனத்தின்கண் வெகுளி எழாமை பின்னது. சினம் பலிக்குமிடத்து அதனை அடக்குதற்கே பெருமை உண்டென்பதும் ஆண்டுக் கூறப்பட்டது. அங்ஙனமாயின், ஒன்றுஞ் செய்யமாட்டாத சிறையாளன் சினவாதிருத்தல் அறமோ, வலியின்மையோ என ஐயம் நிகழும்.

திபெத்து நாட்டில் 1959-ஆம் ஆண்டு லாசா நகரக் கிளர்ச்சியைச் சீன அரசினர் அடக்கியபின் பௌத்த துறவியர் பலர் சிறைப்பட்டனர். அவருள் ஒருவர் பல்தென் கியாத்சோ. 1933-இல் பிறந்த இவர் சிறைகளினும் கட்டாய வேலை முகாம்களினும் 33 ஆண்டு கழித்தார். பஞ்ச காலத்துத் தோலை வேவித்துண்டு உயிர் தாங்கினார். 1990-இல் திராப்சி சிறையில் மின்சாரக் கோலொன்றை இவர் வாயினுட் செலுத்தினர். பற்கள் பல உதிர்ந்தன.

அச்சிறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. கைதிகளைக் கூட்டி, ஒருவனை நடுவே நிறுத்தி, ஏனையோரைக் கொண்டே அவனைக் குற்றஞ்சாட்டுவித்து அடிப்பிப்பர். காவலன்மேற் செல்லாத சினம் பக்கத்திருப்பவன்மேல் நன்றாகச் செல்லும். சென்றாற் பரிசும் உண்டு. ஆதலின் சிறையினுள்ளும் சினம் பலிக்குமிடம் உண்டென்பது தெளிவு. அவ்விடத்துக் காத்தலை வலியின்மை என்பார் அவ்விடத்தை அறியாதார்.

நம்கியல் மடத்துத் துறவி லோபோன்லா என்பவர் ஏறத்தாழ 18 ஆண்டு சிறையிலிருந்து பின்னர் இந்தியா வந்தார். தமக்கு நேர்ந்த இடர் யாதென்று தலாய் லாமா வினவியபோது, சீனர்பால் தம் இரக்கம் அற்றுப்போகுமோ என்னும் இடரையே அவர் கூறினாராம். இரக்கம் எளிதின் நின்றதென்று அவர் கூறிற்றிலர்; இழக்குமளவுக்கு வந்ததென்பதே அச்சொல்லிற் பெறப்படும். ஆன்மா உண்டு இல்லை என்னும் பழவழக்கை ஈண்டு அவரோடு தொடுத்தல் வேண்டா.

இனி மற்றோர் ஐயம். பல்தென் கியாத்சோ 1992-இல் விடுதலையுற்று, வதைக்கருவிகள் சிலவற்றை மறைத்துக்கொண்டு இந்தியா வந்தார். 1995-இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையத்தின் முன் சான்று பகர்ந்தார். இது பொறைக்கு முரணன்றோ எனின், அன்று. பொறுத்தற்குரியது தமக்குச் செய்த மிகை. பிறர்க்கு நிகழ்வதைப் பொறுத்தற்கு ஒருவனுக்கு உரிமை யாது? அவர் சான்று பகர்ந்த நாளிலும் திராப்சியிற் கைதிகள் இருந்தனர்.