யானைக்குப் பிறகான நாட்கள்

பாரதியை யானை அடித்துக் கொன்றது என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். நானும் தமிழாசிரியராகிப் பல வருடம் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் வாழ்க்கையை நாள்வாரியாக எழுதிப் பார்க்க உட்கார்ந்தபோது, அந்த ஒரு வாக்கியம் நிற்கவில்லை.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நடந்தது, அதைச் சொன்னவர் யார். முதல் பக்கங்கள் எளிதாக நிறைந்தன. 1882 டிசம்பர் 11, சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27, எட்டயபுரத்தில் பிறப்பு. 1887-இல் தாயார் லட்சுமி அம்மாள் மறைவு. 1897-இல் செல்லம்மாவோடு கல்யாணம். அடுத்த ஆண்டே தகப்பனார் சின்னசாமி ஐயர் போய்விடுகிறார். பையன் காசிக்குப் போகிறான். ஐந்து வயதில் தாய், பதினாறு நிறையும் முன் தகப்பன். பாடம் நடத்தியபோது தனித்தனியாகச் சொன்ன செய்திகள்தாம் இவை. ஒன்றின்கீழ் ஒன்றாக என் கையாலேயே எழுதியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்துக்கு வருவோம். 1921-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோவில் யானை அவரைத் தள்ளியது. நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து தூக்கினார். காயம் ஆறியது. அவர் மறுபடியும் சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். ஜூலை முடியும் நேரத்தில் ரயிலேறி ஈரோட்டுக்குப் போய், கருங்கல்பாளையத்தில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகுதான் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்தார். செப்டம்பரில் உயிர் பிரிந்தது.

யானை கொன்றது என்று சொல்லும்போது இந்த நாட்களையெல்லாம் அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். அவர் ஆபீசுக்கு நடந்த காலைகள், ஈரோட்டுப் பயணம், அந்தக் கூட்டத்தில் அவர் பேசக் கேட்டவர்களின் மாலை, எல்லாம் இல்லாமல் போகின்றன. முடிவு தெரிந்த நாம் ஒரு வாழ்க்கையைக் கதைக்கு வாகாக மடித்துக்கொள்கிறோம். அவருக்கோ முடிவு தெரியாது. ஆகஸ்டில் அவர் செப்டம்பரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்து எழுத வேண்டியதைத்தான் நினைத்திருப்பார். கால வரிசை என்பது வறண்ட வேலை என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: வாழ்ந்தவருக்கு அவர் வாழ்ந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கிற வேலை அது.

இறந்த நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. உயிர் பிரிந்தது செப்டம்பர் 11-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி. கடிகாரக் கணக்கில் அது 12. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று எண்ணும் நம் வீட்டுக் கணக்கில் இன்னும் 11. அரசு நினைவு நாளாகக் கொண்டாடுவது 11. நான் நோட்டில் '12, விடிவதற்கு முன்' என்று எழுதினேன். தேதியோடு பொழுதையும் எழுதிவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

நான்காவது கட்டம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. செல்லம்மா சொன்னது, எழுத்தாளர் வ.ரா. எழுதியது, புதுச்சேரியில் சிறுமியாக அவரோடு பழகிய யதுகிரி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது. மூன்றும் அன்பில் விளைந்தவை. ஆனால் அன்புக்கு முகம் நினைவிருக்கும், கிழமை நினைவிருக்காது. ஆகவே பாரதி ஆய்வாளர்கள் ரா.அ. பத்மநாபனும் சீனி. விசுவநாதனும் பழைய பத்திரிகை இதழ்களைத் தேடித்தேடிப் போனார்கள். பத்மநாபனின் 'சித்திர பாரதி' 1957-இல் வந்தது. பாரதியின் எழுத்துகளைக் கால வரிசையில் அடுக்குவதற்கே சீனி. விசுவநாதன் தம் வாழ்நாளில் அரை நூற்றாண்டுக்கு மேல் கொடுத்தார். நான் ஒரு வரி எழுத அவர்கள் எத்தனை கட்டுப் பொடிந்த காகிதத்தைப் புரட்டியிருப்பார்கள் என்று நினைக்காமல் ஒரு பக்கமும் எழுதியதில்லை.

நோட்டின் நடுவில் இருப்பது புதுச்சேரிப் பத்தாண்டு, 1908 முதல் 1918 வரை. அவருடைய 'இந்தியா' பத்திரிகை வந்த வரைக்கும் வாரத்துக்கு வாரம் தேதி கிடைக்கிறது. 1910-இல் அது நின்றதும் என் நோட்டில் பக்கங்கள் மெலிகின்றன. 1918 நவம்பர் 20, புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார், கடலூர் அருகே கைது. டிசம்பர் 14, விடுதலை. இவை சர்க்கார் எழுதிவைத்த தேதிகள், துல்லியமானவை. சர்க்கார் அவரைப் பிடித்து வைத்த நாட்களுக்குத் தேதி இருக்கிறது. கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் பிறந்தது அந்த மெலிந்த பக்கங்களின் காலத்தில். அரிசி இல்லாத வீட்டில் செல்லம்மா உலை வைத்த நாட்களும் அங்கேதான் கிடக்கின்றன. அவற்றை ஊகத்தால் நிரப்ப எனக்குக் கை வரவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறேன்.

அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது என் அம்மா நினைவு வரும். கண்மாய் உடைந்த வருஷம், ஐப்பசி அடைமழையில் பிறந்தவள் என்பார்கள். சான்றிதழில் இருப்பது ஜூன் 1. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்தது. தவறான அந்தத் தேதிக்கு ஆவணம் இருக்கிறது. உண்மையான மழைக்கு இல்லை. அம்மா உயிரோடு இருந்தபோது நான் உட்கார்ந்து கேட்டிருந்தால், எந்த வருஷத்துக் கண்மாய் என்றாவது கண்டுபிடித்திருக்கலாம். ஊரில் அதை அறிந்த பெரியவர்கள் அப்போது இருந்தார்கள். நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் பாரதியின் தேதிகளைத் தேடி நூலகத்துக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

1919-இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் பாரதி போனபோது அவரைப் படம் எடுத்தார்கள். கம்பீரமாக இருக்கிறார். எந்த ஊர், யார் அழைத்து, எந்த ஆண்டு என்று யாரோ நினைவில் வைத்துச் சொன்னதால் அந்தப் படம் இன்று நமக்கு அவர் வாழ்க்கையின் ஒரு நாளாக இருக்கிறது. இல்லாவிட்டால் வெறும் முகம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய போட்டோக்கள் இருக்கும். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே அவற்றை இறக்குங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். மை முன்பக்கம் ஊறிவிடும். யார், எங்கே, எந்த வருஷம். தேதி தெரியவில்லை என்றால், அன்று மழை பெய்ததா என்றாவது கேட்டு எழுதிவையுங்கள்.