காந்தாரியின் கை இருந்த தோள்

செய்யாறு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் ஒன்றில், அக்னி வசந்த விழாவின்போது ஆற்றிய பாரதச் சொற்பொழிவு

இன்று ராத்திரி பதினெட்டாம் போர் கூத்து. விடிந்தால் படுகளம். துரியோதனன் மடுவில் போய் மறைந்த கதையை நான் இப்போது சொல்ல வேண்டும். ஆனால் மேடை ஏறியதும் கண் அந்தத் தூணடிக்குத்தான் போனது. 22 வருஷம் அங்கே ஒரு பாட்டி உட்கார்ந்து கதை கேட்டார். போன தை மாதம், 91 வயதில் கண்ணை மூடினார். அதனால் இன்றைக்குக் குந்தியைப் பற்றிப் பேசுகிறேன்.

நாம் வாசிக்கிற வில்லிபாரதம் பத்துப் பருவம்; போரோடு நின்றுவிடும். குந்திக்கு வயதான கதை வியாசரிடம் இருக்கிறது. போர் முடிந்து 15 ஆண்டுகள் திருதராட்டிரன் தருமனுடைய அரண்மனையில் இருந்துவிட்டுக் காட்டுக்குப் புறப்படுகிறான். கூடவே குந்தியும் புறப்படுகிறாள். ஐந்து பிள்ளைகளும் அழுது மன்றாடுகிறார்கள். ராஜமாதாவாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய வயது. அவள் நிற்கவில்லை. முன்னால் குந்தி, அவள் தோளில் கண்ணைக் கட்டிக்கொண்ட காந்தாரியின் கை, காந்தாரியின் தோளில் திருதராட்டிரன் கை. இப்படித்தான் அந்த மூவரும் ஊரைவிட்டுப் போனார்கள்.

அந்தக் கை யாருடையது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் கை. கொன்றவன் குந்தி பெற்ற பீமன். அந்தக் கையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு காட்டு வழி நடக்கிறாளே, இதைவிட வேறு தவம் எனக்குத் தெரியவில்லை.

நம் பாட்டி ஆறு பெற்று நாலை வளர்த்தவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். மணிலாக் கொல்லையில் களை வெட்டி, காய் ஆய்ந்து பிள்ளைகளைக் கரையேற்றினார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கொடியேறிவிட்டால் போதும், கூத்துக்காரர்களுக்காக வீடு வீடாக அரிசி தண்டுவார். கூத்துத் திரையை ஏரிக்கரையில் அடித்துத் துவைப்பார். கிழிந்த பாவாடைகளைத் தைப்பார். விடியற்காலையில் அரிதாரம் கலைக்கத் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு கொட்டகை வாசலில் நிற்பார். புஜக்கட்டையின் கயிறு அழுத்திய இடத்தில் தோள் கன்றிப்போயிருக்கும். அந்த எண்ணெயையே கொஞ்சம் தடவிவிடுவார். யாரும் அவரைக் கேட்டதில்லை, ஒரு காசு கொடுத்ததும் இல்லை. அவர் மேடை ஏறியதை நான் பார்த்ததே கிடையாது.

படுகளத்தன்று செய்வதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மண்ணால் அத்தனை பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்போம். ராத்திரி முழுக்க ஆடிய வேஷக்காரர் தூங்காத கண்ணோடு, கிரீடமும் மார்புப் பதக்கமும் சுமந்து, வெயிலில் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். ஊரே பாஞ்சாலி பக்கம். தொடை பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிகிறபோது கூட்டம் முழுக்க அவள் காலில் விழும். அந்த நேரத்தில் பாட்டி ஒரு சொம்பு மோரோடு துரியோதன வேஷக்காரரைத் தேடிக்கொண்டு போவார். ஒரு வருஷமும் தவறியதில்லை.

நான் ஒருமுறை கேட்டேன், “எல்லாரும் அம்மன்கிட்ட போறாங்க, நீங்க இங்க நிக்கிறீங்களே?”

“அவளுக்கு இத்தினி பேர் இருக்காங்க சாமி. இவன் பெத்தவ எங்கயோ இருப்பா. அவ பாத்தா வயிறு எரியாதா?” என்றார்.

இன்னொரு வருஷம் நான் இந்த மேடையில் குந்தியைக் கடுமையாகப் பேசிவிட்டேன். கர்ணனை ஆற்றில் விட்டவள் தாயா என்று கேட்டேன். கூட்டம் கலைந்த பிறகு பாட்டி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். “ஆத்துல விட்ட கைதான் சாமி, அப்புறம் ஒருத்தரையும் விடல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாத்ரி பெற்ற இரண்டு பேரையும் தன் மூன்றோடு சேர்த்து வளர்த்தவள் அல்லவா குந்தி? வனத்தில் தம்பிமார் நால்வரும் மாண்டு கிடக்க, ஒருவனை மட்டும் எழுப்புகிறேன் என்று யட்சன் சொன்னபோது, வியாசருடைய தருமன் பீமனைக் கேட்கவில்லை, அர்ச்சுனனைக் கேட்கவில்லை. நகுலனைக் கேட்டான். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்றான். அது எந்த மடியில் படித்த பாடம்? எத்தனையோ முறை சொன்ன கதைதான். ஆனால் பாட்டி சொன்ன பிறகுதான் எனக்கு அது விளங்கியது. அதற்குப் பிறகு எந்த ஊர் மேடையிலும் நான் குந்தியை ஏசியதில்லை.

படுகளம் முடிந்ததும் எல்லாரும் துரியோதனன் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்க் குதிரில் போடுவீர்கள். தானியம் பெருகும் என்று நம்பிக்கை. பாட்டியும் எடுப்பார். எடுக்கும் முன் அந்த மண் நெற்றியை ஒருதரம் தடவுவார், தூங்கும் பிள்ளையைத் தடவுகிற மாதிரி.

தாய்மார்களே, துரியோதனன் கட்டுகிறவர் மத்தியானமே வந்துவிட்டார். கொட்டகையில் படுத்திருக்கிறார். வந்ததும் பாட்டியைத்தான் கேட்டார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். நாளைக் காலை படுகளத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒரு சொம்பு மோர் கொண்டு வாருங்கள். அவருக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும்.

சரி, மடுவுக்குப் போவோம்.