குளியலறைக் கணக்கும் மறுமைக் கணக்கும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

லகாட்டிலும் ஈப்போவிலும் கடை வைத்திருக்கும் நம்மவருக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காலையில் பிஸ்மி சொல்லிக் கல்லாவைத் திறப்பதும், இரவில் பற்று வரவு பார்த்துப் பேரேட்டை மூடுவதும் நம் பாட்டனார் காலந்தொட்டு வரும் பழக்கம். ஐந்து காசு குறைந்தாலும் அது போன இடம் தெரியாமல் நமக்கு உறக்கம் வராது. ஆனால், அதே நாம் வீட்டில் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் கணக்கென்பதையே மறந்துவிடுகிறோம். அதிலும் குளியலறை வேலை என்றால் கேட்கவே வேண்டாம். "சின்ன அறைதானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று தொடங்குகிறோம். முடிக்கும்போது வீடு முழுவதற்கும் வர்ணம் அடித்திருக்கக்கூடிய பணம் போய்விட்டிருக்கிறது.

மார்க்க உபதேசம் வரும் பக்கத்தில் குளியலறைப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். சுத்தம் ஈமானின் பாதி என்று நவின்றவர்கள் யார்? நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களன்றோ! தொழுகையின் திறவுகோல் சுத்தம் என்று அருளியவர்களும் அவர்களே. சுத்தத்தை நேசித்த குபாவாசிகளைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் புகழ்ந்து பேசுகிறது. சிறுநீரின் துளிகளிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளாத ஒருவர் கப்றில் வேதனை செய்யப்படுவதை நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியும் நாம் கேட்டதே. ஆகவே, சுபுஹுத் தொழுகை முஸல்லாவில் தொடங்குவதில்லை. குளியலறையின் வாயிற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த அறைக்குச் செலவு செய்வது வீண் அன்று. எவ்வளவு, எதற்கு, யாருடைய பணத்தில் என்பதே கேள்வி.

நல்லடியார்களின் அடையாளத்தை ஸூரத்துல் ஃபுர்கான் கூறுகிறது. அவர்கள் செலவிடும்போது வீண் விரயமும் செய்யார்; உலோபமும் செய்யார்; இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள். நம்முடைய வீடுகளிலோ இந்த இரண்டு தவறுகளும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன.

உலோபத்தை முதலில் பார்ப்போம். ஈயம் கொழித்த நாளில் எழுந்த பழைய வீடுகள் நம் கிந்தா பள்ளத்தாக்கில் இன்னும் பல உண்டு. 1985-ஆம் ஆண்டில் ஈயத்தின் விலை வீழ்ந்தபோது ஊரின் கையிருப்பும் வீழ்ந்தது. அதன்பின் பலர் வீட்டின் முகப்பை மட்டும் பார்த்துக்கொண்டு பின்கட்டை அப்படியே விட்டுவிட்டனர். விருந்தாளி அமரும் கூடத்தில் பளிங்குத் தரை. பெற்ற தாய் தஹஜ்ஜுதுக்கு எழுந்து ஒளுச் செய்யப்போகும் இடத்திலோ பாசி படிந்த சிமிட்டித் தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை, விளக்கும் மங்கல். வயோதிகர் ஒரு முறை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடக்க நேரிடும். கைப்பிடிக் கம்பி ஒன்றுக்கு ஆகும் செலவையும் மருத்துவமனையில் கழியும் நாட்களையும் எடை போட்டுப் பாருங்கள். பெற்றோருக்கு உபகாரம் செய்யுங்கள் என்ற கட்டளை கூடத்தோடு நின்றுவிடுவதா?

இனி வீண் விரயம். இதற்கு எங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை, நம்மையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில், வரிசை வீடுகளுள் ஒன்று அது, குளியலறையைப் புதுப்பிக்க எண்ணி 9,000 வெள்ளி ஒதுக்கினோம். வீட்டில் ஒரு திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்ற எண்ணம் உள்ளே புகுந்தது. அறை ஐந்தடிக்கு எட்டடி. தரை 40 சதுர அடி. ஏழடி உயரச் சுவர், கதவைக் கழித்தால் ஏறக்குறைய 165. வெட்டிலும் உடைப்பிலும் போவதைச் சேர்த்து 225 சதுர அடி ஓடு வேண்டும். முதலில் பார்த்த ஓட்டைவிடச் சதுர அடிக்கு 6 வெள்ளி கூடுதலான ஓட்டின்மேல் மனம் போயிற்று. ஆறு வெள்ளிதானே என்றோம். 225-ஐ ஆறால் பெருக்கினால் 1,350 வெள்ளி! கடையில் சரக்கெடுக்கும்போது இந்தப் பெருக்கலைச் செய்யாமல் இருப்போமா?

அந்தப் பணத்தை எங்காவது ஈடுகட்ட வேண்டுமே. தரையில் ஓடு பதிப்பதற்கு முன் நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு ஒன்று பூச வேண்டும் என்றும், அதற்கு 700 வெள்ளி ஆகும் என்றும் குத்தகையாளர் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தது நாம்தான். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஏன் காசு என்று நினைத்தோம். திருமணம் முடிந்தது. வந்தவர்கள் ஓட்டைப் புகழ்ந்தார்கள். எட்டு மாதம் கழித்து, அடுத்த வீட்டுச் சீன மூதாட்டி வந்து நம்மை அழைத்துப்போய்த் தம் சமையலறைச் சுவரைக் காட்டினார். ஈரம் ஊறிச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. அவர் கோபித்துப் பேசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். "உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால்தான் சொல்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நமக்குத் தெரிந்திருந்தது, சகோதரர்களே! அதுதான் வேதனை.

எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவர் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டுக் கூறினார்கள். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்று அந்த வாக்கு பிரித்துப் பேசவில்லை. புகழப்பட்ட ஓட்டை உடைத்தெடுத்து, பூச்சுப் பூசி, மறுபடியும் பதித்து, மூதாட்டியின் சுவரையும் செப்பனிட 4,200 வெள்ளி ஆயிற்று. 700 வெள்ளியை மிச்சம் பிடித்த கணக்கின் இலட்சணம் இது.

நிற்க. இதிலிருந்து நாம் கற்றதைச் சகோதரர்களுக்கு வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, தாளை எடுத்து இரண்டு பத்தி கீறுங்கள். ஒரு பத்தியில் தேவை. மறு பத்தியில் ஆசை. குழாய், கழிவுநீர் வழி, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, வழுக்காத தரை ஓடு, கைப்பிடிக் கம்பி, நல்ல வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவை தேவை. சுவரோட்டின் பூவேலையும் பொன்னிறக் குழாயும் ஆசை. தேவை முழுவதற்கும் பணம் ஒதுக்கிய பின்னரே ஆசையின் பக்கம் திரும்ப வேண்டும். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். பழைய வீடானால் ஐந்தில் ஒரு பங்கு. சுவரை உடைத்தால்தானே உள்ளே துருப்பிடித்த இரும்புக் குழாய் தெரியும்! பூச்சுப் பூசியதும் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுதும் தண்ணீர் தேக்கிப் பார்த்த பின்பே ஓடு பதிக்கச் சொல்லுங்கள். எட்டடித் தரைக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். இல்லையேல் தண்ணீர் தேங்கி, பாக்கான இடம் எது, நஜீஸான இடம் எது என்ற ஐயத்திலேயே தொழுகை கழியும்.

இரண்டாவது, திசை. மலம் ஜலம் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமரலாகாது என்பது நபிமொழி. கட்டடத்துக்குள்ளும் அது கூடாதென்பது ஹனஃபி மத்ஹபு. அதற்கெனக் கட்டப்பட்ட அறைக்குள் ஷாஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. எனினும் தவிர்ப்பதே பேணுதல். நம் பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 22 பாகை சாய்ந்திருக்கிறது. கழிவுக் குழாயைப் புதைக்கும் முன்பே கொத்தனாரிடம் இதைச் சொல்லிவிட்டால் ஒரு காசும் கூடுதல் ஆகாது. புதைத்த பின் சொன்னால் தரையை உடைக்க வேண்டும். கழிப்பிடமும் குளிக்குமிடமும் ஒரே அறையாயின், ஒளுச் செய்ய ஒரு குழாயைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ்வின் திருநாமத்தை நாவாரச் சொல்லி ஒளுச் செய்யலாம்.

மூன்றாவது, தண்ணீர். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரால் ஒளுச் செய்தார்கள். ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரால் குளித்தார்கள். முத்து என்பது ஏறக்குறைய முக்கால் லிட்டர். ஸாவு என்பது ஏறக்குறைய 3 லிட்டர். நம் வீட்டில் ஒழுகும் குழாயைப் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு, சொட்டு ஒன்று கால் மில்லி லிட்டர் என்று கொண்டாலும், ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது. ஏழு பேர் ஸுன்னத்தான முறையில் குளிக்கும் தண்ணீர் அது! ஓட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நல்ல குழாய்க்குக் கொடுங்கள்.

நான்காவது, யாருடைய பணம்? கூட்டு வியாபாரமானால், பங்காளிக்குச் சொல்லாமல் கடை முதலில் கை வைப்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். "அடுத்த மாதம் வைத்துவிடுவேன்" என்பது சமாதானமே தவிர, அனுமதி ஆகாது. ஜகாத்துக்கென எடுத்து வைத்ததும் நம் பணம் அன்று. கடனட்டையின் வட்டியோ ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை ஏறுகிறது. குளித்துச் சுத்தமாகும் அறையை ஹராமான வட்டியைக் கொண்டு கட்டுவதா? பணம் போதவில்லையா? இவ்வாண்டு தரையும் குழாயும். வரும் ஆண்டு சுவர். பொறுத்துச் செய்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

ஐந்தாவது, எழுத்தும் கூலியும். திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று அறிவோமா? தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது; ஸூரத்துல் பகராவின் 282-ஆவது வசனம். குத்தகையாளர் நம் சொந்தக்காரரேயாயினும் வேலை, விலை, நாள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதுவது சந்தேகத்தால் அன்று, உறவைக் காப்பதற்கு. பேசியபடி வேலை முடிந்தால் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள். வேலையை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுகிறான் என்பது ஹதீஸ் குதுஸி. இந்தோனேசியரோ, வங்காளதேசத்தவரோ, நம் வீட்டில் மண் சுமந்தவரின் கூலி குத்தகையாளர் கைக்கும் அவர் கைக்கும் நடுவே நின்றுபோயிற்றா என்று ஒரு வார்த்தை விசாரிப்பதும் நம் பொறுப்பே.

சகோதரர்களே! கணக்குப் பார்க்காமல் செலவழித்த ஒருவரும் நம் சரித்திரத்தில் உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார், ஹாஜிகள் மக்காவில் தண்ணீருக்குத் தவிப்பதைக் கண்டு, தொலைவிலிருந்து நீரைக் கொணரக் கால்வாய் வெட்டச் செய்தார். செலவைக் கண்டு அஞ்சிய காரியஸ்தரிடம், மண்வெட்டியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தீனார் ஆயினும் நிறுத்தவேண்டாம் என்றாராம். வேலை முடிந்து கணக்கேடுகள் வந்தபோது அவற்றை ஆற்றில் எறியச் சொல்லி, கணக்கைக் கணக்கு நாளுக்கென விட்டுவிட்டோம் என்றாராம். ஏட்டை எறிந்தது யாருக்காக? தாகித்த ஹாஜிகளுக்காக; தம் குளியலறைக்காக அன்று. நாமோ தலைகீழாக நடக்கிறோம். பள்ளியின் ஒளுச் செய்யும் இடத்துக்கு ஒரு குழாய் கேட்டால் பேரேட்டைத் திறக்கிறோம். நம் வீட்டு அலங்காரத்துக்குப் பேரேட்டை மூடிவிடுகிறோம்!

1908-ஆம் ஆண்டில் ஈப்போ பாடாங்கின் அருகே இந்திய முஸ்லிம்களுக்கெனப் பள்ளிவாசலை எழுப்பிய ஷேக் ஆதம் அவர்களும் நம்மைப் போன்ற தமிழ் முஸ்லிமே. அவர் வீட்டுக் குளியலறையில் என்ன ஓடு பதித்திருந்தது என்று இன்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பள்ளியில் தொழுவோர் உள்ளவரை அவர் பெயர் நிற்கும்.

ஆகவே, வீட்டில் வேலை தொடங்கும் சகோதரர் ஒவ்வொருவரிடமும் ஒன்று வேண்டுகிறோம். ஆசைப் பத்தியில் அடித்துவிடும் தொகையைப் பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். நம் ஜமாஅத்திலேயே, கதவில்லாத குளியலறைக்குத் துணி கட்டி மறைத்துக்கொண்டிருக்கும் விதவையின் வீடு இருக்கலாம், அல்லாஹ் அறிவான். நம் கையை விட்டுப் போன அந்த 1,350 வெள்ளி அவருக்கு ஒரு கதவும், தாழ்ப்பாளும், வழுக்காத தரையுமாக ஆகியிருக்கும். அவருடைய மானமும் காப்பாற்றப்பட்டிருக்கும்; நம் ஏட்டிலும் ஒரு வரி வரவாகப் பதிந்திருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் உடலையும் உள்ளத்தையும் எங்கள் சம்பாத்தியத்தையும் சுத்தமாக்கி வைப்பாயாக! உலோபத்திலிருந்தும் விரயத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்கள் சுவரால் அண்டை வீட்டார் எவருக்கும் ஈரமும் பாரமும் ஏற்படாமல் எங்களை வாழச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.