ஏழரை மீட்டர்

மேலதிகாரி இல்லாத உத்தியோகம் என்று என் தொழிலைப் பற்றி உறவினர்கள் சற்றுப் பொறாமையோடு சொல்வதுண்டு. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே, இஞ்சிவிளையை ஒட்டிய ஒரு வாடகை அறையில், ஒரு மேஜையும் கணினியும் சுருட்டிய வரைபடங்களுமாக, வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்தும், கம்பிக் கணக்குப் போட்டும், அஸ்திவாரம் தோண்டும்போது குழியில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தும் இருபத்தைந்து வருஷங்களைக் கழித்துவிட்ட என்னால் அந்தப் பொறாமையை அங்கீகரிக்க முடிந்ததில்லை. ஒரே ஒரு மேலதிகாரிக்குப் பதிலாக வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் எனக்கு வாய்க்கிறார்கள். அவரவர் மைத்துனர்களையும் சேர்த்துக்கொண்டால் தொகை இரட்டிக்கும்.

எங்கள் ஊர்களின் விசேஷம் ஒன்றையும் சொல்லவேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் கிடைக்காதவற்றுள் ஒன்றாகிய எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் அக்காள் வீடு ஒரு ராஜ்யத்திலும் தங்கை வீடு மறு ராஜ்யத்திலுமாக, வீட்டில் தமிழும் ஆபீஸில் மலையாளமுமாக, இரண்டு சட்டங்களுக்கும் இடையே நாங்கள் குடியிருக்கிறோம். கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளும், தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் ஒரே 2019-ஆம் ஆண்டில் பிறந்தவை. ஆனால் இரட்டைப் பிள்ளைகளுக்கு உரிய ஒற்றுமை அவற்றுக்கு இல்லை. இங்கே கட்டுகிறவர் ‘அங்கே விடுகிறார்களே’ என்கிறார். அங்கே கட்டுகிறவர் ‘உங்கள் பக்கம் கேட்பதில்லையே’ என்கிறார். இரண்டு ராஜ்யங்களின் தாட்சண்யங்களையும் கூட்டி, கண்டிப்புகளை மட்டும் கழித்து, மூன்றாவது ஒரு சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அநேகர்.

படம் முடிந்து கையெழுத்தும் ஆனபிறகு ஆசாரி வருவார். எழுபத்திரண்டு சென்டிமீட்டர் கொண்ட கோலால் சுற்றளவை அளந்து, அதை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து, மீதி ஒற்றைப்படையாக வராவிட்டால் வீடு ஆகாது என்பார். கணக்கு என்ற அளவில் அது சுத்தமான கணக்கு. எனக்கு அதன்மேல் துவேஷம் கிடையாது. என் துயரம், அந்தக் கணக்கு எப்போதும் வானம் தோண்டியபிறகே நினைவுக்கு வருகிறது என்பதுதான். ‘ஒரு வரைதானே சாறே, இத்திப்போல தள்ளிப் போட்டாப் போரும்’ என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு சொல்லும்போது, அந்த வரை தள்ளினால் தூண் தள்ளும், தூண் தள்ளினால் உத்திரத்தின் நீளம் மாறும், உத்திரம் மாறினால் கம்பி மாறும் என்பதை அவருக்கு விளக்கப் புகுவது, ஓடுகிற பஸ்ஸின் பின்னால் நின்று வழி சொல்வதற்கு ஒப்பானது.

கொத்தனாருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்காமல் இருக்க இந்த வீட்டுக்காரர்களுள் எவருக்கும் மனம் வராது. அவர் வியர்வை கண்ணுக்குத் தெரிகிறது. என் வேலையோ காகிதத்தில் கிடக்கிற கோடு, கோட்டுக்கு வியர்ப்பதில்லை. ஆகையால் பால்காய்ப்புக்கு அழைத்து, பந்தியில் முதல் வரிசையில் உட்கார வைத்து, நாலு பேர் கேட்க ‘எல்லாம் நம்ம சாறு வரைந்ததாக்கும்’ என்று புகழ்ந்து, அந்தப் புகழ்ச்சியோடு பாக்கியைத் தீர்த்துக்கொள்கிறார்கள். வாழைக்குலை அனுப்புகிறவர்களும் உண்டு. அது நல்ல செவ்வாழையாக இருந்துவிட்டால் எனக்கும் கோபம் பாதி தணிந்துவிடுகிறது என்ற பலவீனத்தை மறைக்க விரும்பவில்லை.

செலவைக் குறைக்கவேண்டும் என்பார்கள். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற மகான் 2007-இல் மறையும்வரை அதைத்தானே செய்துகொண்டிருந்தார் என்று ஆசையோடு தொடங்குவேன். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி நடுவே பொந்து விட்டுக் கட்டினால் ஏறக்குறைய காற்பங்கு கல் மிச்சமாவதையும், அந்தப் பொந்துக் காற்று உஷ்ணத்தைத் தடுப்பதையும், பூசாத சுவரின் சிவப்பு மழைக்காலத்துப் பச்சைக்கு நடுவே எவ்வளவு அழகாக இருக்கும் என்பதையும் சொல்வேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ‘பூசாமல் விட்டா, பெண்ணு பார்க்க வாறவன் காசில்லாம போச்சுதுன்னு நினைக்க மாட்டானா?’ என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பொறியியலில் பதில் இல்லை.

பெருந்தச்சன் கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்கிறார்கள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலை’யிலும் அது இருக்கிறது. ஆலுவாவுக்கு அருகே உளியன்னூரில் குளம் வெட்ட வேண்டியிருந்தபோது, சதுரமாக வேண்டும் என்று சிலரும் வட்டமாக வேண்டும் என்று சிலரும் வேறு வடிவங்களே வேண்டும் என்று மற்றவர்களும் சண்டையிட, தச்சன் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, அவரவர் நின்ற இடத்திலிருந்து அவரவர் விரும்பிய வடிவமே தெரியும்படி ஒரு குளத்தை வெட்டி முடித்தானாம். பால்யத்தில் இதைக் கேட்டு வியந்தேன்; தொழிலுக்கு வந்த புதிதில் இதையே லட்சியமாகவும் கொண்டேன். கதையின் கடைசித் துணுக்கை வெகுகாலம் கவனியாமல் விட்டிருந்தேன். அந்தக் குளத்தில் இறங்கிக் குளிக்கிறவர்களுக்குத் திசை தெரியாமல் போய்விடுமாம்.

அப்படி ஒரு சிறு குளம் நானும் வெட்டியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில், ஒரு மைத்துனரின் பிடிவாதத்துக்கு இணங்கி, நான் வேண்டாம் என்று கருதிய இடத்தில் ஒரு தூணை நிறுத்தினேன். கணக்கை மூன்று தடவை சரிபார்த்துத்தான் நிறுத்தினேன். அது விழவில்லை, விழவும் விழாது. ஆனாலும் தனுவச்சபுரம் போகும்போதெல்லாம் என் தலை தானாகவே அந்த வீட்டுப் பக்கம் திரும்புகிறது. சுதந்திரமான தொழில் என்பதன் அந்தரங்கம் எனக்கு அந்தத் தூணிடத்தில்தான் விளங்கிற்று. உத்தியோகஸ்தன் ‘முடியாது’ என்று சொல்லும்போது அவனுக்காக ஒரு முத்திரை பேசுகிறது. தனியாளுக்கோ, அந்த வார்த்தையின் விலையைத் தன் மடியிலிருந்தே எண்ணி வைக்கவேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை ‘முடியாது’ எனக்குக் கட்டுப்படியாகும் என்பதே என் சுதந்திரத்தின் அளவு. அது எந்த வருஷத்திலும் பெரிய எண்ணாக இருந்ததில்லை.

அவற்றுள் ஒன்றைச் செலவழித்த விவகாரம் இது. வளைகுடாவில் பதினெட்டு வருஷம் உழைத்துத் திரும்பிய ஒருவர், ஐந்து சென்ட் மனை வாங்கி என்னிடம் வந்தார். பின்மூலையில் அவருடைய கிணறு. கிழக்கு மதிலை ஒட்டிப் பக்கத்து வீட்டுக் கிணறு. குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் நடுவே ஏழரை மீட்டர் வேண்டும் என்பது கேரள விதி. வீட்டுக்கு வீடு கிணறு தோண்டி அந்தத் தண்ணீரையே குடிக்கிற நாட்டில் அதைக் கடுமை என்று சொல்ல மாட்டேன். இரண்டு கிணறுகளுக்கும் தப்பி அவருடைய மனையில் குழிக்கு எஞ்சிய இடம் முற்றம் ஒன்றுதான். அங்கேயோ அவர் கார் நிறுத்த ஓட்டுக்கூரையும் ஓடுபாவிய தரையும் மனத்துக்குள் கட்டி முடித்திருந்தார்.

‘ஏழரைங்கிற எண்ணே நமக்கு ஆகாது சாறே’ என்றார் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘குழியை நான் சொன்ன இடத்தில போடுங்க, படத்தில அந்தாளுக்க கிணற்றை மட்டும் ரெண்டு மீட்டர் அங்கோட்டு நீக்கி வரைஞ்சாப் போரும்’ என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது என்பதே வாஸ்தவம். பேனாவால் ஒரு கோடு கிழித்து எங்கள் தாலுகாவை ஒரு ராஜ்யத்தில் நிறுத்தியவர்கள் இருக்கையில், ஒரு கிணற்றைத் தள்ள எனக்கு என்ன தயக்கம் என்று அவர் நினைத்ததில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கோடு எங்கே விழுந்தாலும் தண்ணீர் தான் போகிற வழியில்தான் போகும். முடியாது என்றேன். அவர் எழுந்து நின்றுகொண்டு, பதினெட்டு வருஷம் எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுத்ததை, இரண்டு குழந்தைகளின் பிறப்புக்கும் ஊரில் இல்லாததை, இந்த ஒரு வீடு தவிர வேறெதையும் ஈட்டவில்லை என்பதை, கோபமாகவே சொன்னார். எனக்கு நூறு வீடுகளில் ஒன்றாக இருப்பது அவருக்கு ஆயுள் முழுவதற்கும் ஒன்று என்பதை நான் அறியாதவன் அல்லன். என்னை நெருக்குகிறவர்களில் பெரும்பாலோர் பேராசைக்காரர்கள் அல்லர், பயந்தவர்கள். பயத்துக்கு விட்டுக்கொடுப்பது இரக்கமா, கோழைத்தனமா என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கிறது. அன்று வரைபடக் கூலியும் தராமல் அவர் போய்விட்டார். வேறு யாரோ கையெழுத்திட, வீடும் எழும்பிற்று. பால்காய்ப்புக்கு எனக்கு அழைப்பு இல்லை.

சென்ற இடவப்பாதி மழைக்கு முன்னால் ஒருநாள் காலையில் அவரே கூப்பிட்டார். மேற்குப் பக்கத்து மனையை யாரோ வாங்கி, இவருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்ட அடையாளக் குற்றி அடித்திருக்கிறார்களாம்; சாறு ஒருதடவை வந்து அளந்து தரவேண்டுமாம். போனேன். பழைய பாக்கியை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாடாவின் பூஜ்ய முனையைத் தாமே வாங்கி, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘ஏழரை வருதா சாறே?’ என்று கேட்டார்.

ஆறு மீட்டரும் சொச்சமும் இருந்தது.