சவேரியார் நவநாளும் கிட்டாத சீனமும்

பழைய மனிதர் இன்றும் தண்டு என்று வழங்கும் பெங்களூர்க் கன்டோன்மென்ட் பகுதியில், 1932-ல் கட்டி முடிக்கப்பெற்று, 1940-ல் மேற்றிராசனம் ஸ்தாபிக்கப்பட்டபோது அதன் தலைமைக் கோவிலாகிய கிளீவ்லண்ட் டவுன் கருங்கல் தேவாலயம், அர்ச்சிஷ்ட பிரான்சிஸ் சவேரியாரின் நாமத்தைத் தாங்கி நிற்கிறது. டிசம்பர் 3-ஆம் தேதி அவருடைய திருநாள்; அதற்கு முன் நவநாள். பிள்ளையின் பரீட்சை, பெண்ணின் கல்யாணம், தீராத வயிற்றுவலி, வராத விசா என்று ஜனங்கள் ஒன்பது நாளும் ஒரே மன்றாட்டைத் திரும்பத் திரும்பச் சமர்ப்பிப்பதைக் காண்கிறவனுக்கு, சர்வமும் அறிந்த தேவனுக்கு ஒரு தரம் சொன்னால் போதாதா என்ற சந்தேகம் உண்டாவது சகஜமே.

தேவசித்தத்தை மாற்றுவதற்கு நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் மூலமாகவே தருவதென்று அவர் நியமித்திருப்பதைப் பெறுவதற்கே ஜெபிக்கிறோம் என்று தோமாஸ் அக்குவினாஸ் சமாதானம் சொன்னார். சாஸ்திர ரீதியில் இதில் குறையில்லை. ஆனால் கேட்டது கிடைக்காமற் போனவனுக்கு இது போதுமா என்பது வேறு விஷயம். அவனுக்குச் சவேரியாரின் சரித்திரமே தக்க விடை என்பது என் அபிப்பிராயம்.

மார்ச் 4 முதல், அவர் அர்ச்சிஷ்டராக உயர்த்தப்பெற்ற தினமாகிய 12 வரை அனுஷ்டிக்கப்படும் வரப்பிரசாத நவநாளின் மூலத்தைப் பாருங்கள். 1633 டிசம்பரில் நேப்பிள்ஸ் நகரில் மார்செல்லோ மாஸ்திரில்லி என்ற சேசு சபைக் குருவின் தலையில் சுத்தியல் விழுந்து, மரணத் தறுவாயிலிருந்த அவருக்குச் சவேரியார் தரிசனம் தந்து சொஸ்தமாக்கினார் என்பது வரலாறு. சொஸ்தமானவர் வீட்டில் சுகமாக இருந்தாரா? இல்லை. கோவாவுக்குக் கப்பலேறி, சவேரியாரின் திருவுடலுக்கு வெள்ளிப் பேழை செய்ய ஏற்பாடு செய்துவிட்டு, ஜப்பானுக்குப் போய், 1637-ல் நாகசாகியில் வேதசாட்சியாக மரித்தார். மீண்ட உயிரை அவர் நான்கு வருஷங்கூடத் தமக்கென்று வைத்திருக்கவில்லை. ஒன்பது நாள் ஜெபத்துக்கு ஆதியான மாதிரி என்று சொல்லப்படும், எருசலேம் மேல்வீட்டில் மாதாவோடு காத்திருந்த அப்போஸ்தலர்களின் ஜெபமும், அவர்களை வீதிக்கு அனுப்பியே முடிந்தது.

சவேரியாருக்கோ, கேட்டது கிடைக்கவே இல்லை. முத்துக்குளித்துறையிலே, தமிழறியாத அவர், அறிந்தவர்களைக் கூட்டி விசுவாச மந்திரத்தையும் பரலோக மந்திரத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழில் எழுதுவித்து, மனனம் பண்ணி, மணியடித்துக் கொண்டே தெருத்தெருவாய்ச் சென்று பரவ மக்களுக்குப் போதித்தவர்; மலாக்கா, மொலுக்காஸ், ஜப்பான் என்று பத்து வருஷம் ஓடியவர்; அவர் கடைசியாக ஆசைப்பட்டது சீனத்தில் பிரவேசிக்க வேண்டுமென்பது ஒன்றே. கண்டன் நகருக்கு அழைத்துப்போவதாக வாக்களித்த வியாபாரி வரவில்லை. 1552 டிசம்பர் 3-ஆம் தேதி, சீனக் கரை கிட்ட இருக்க, சான்சியன் தீவிலே ஜுரத்தால் மரித்தார், வயது 46. இப்படிப்பட்டவரிடம் போய், இன்ன தேதிக்குள் இன்னது கைமேல் பலிக்குமென்று உறுதி கூறி, பிரதியெடுத்துப் பரப்பாவிட்டால் தோஷம் என்று பயமுறுத்தும் துண்டுக் காகிதங்களைக் கோவில் பெஞ்சுகளில் வைத்துப்போவது, என்ன பக்தியோ! அந்த நவநாள் ஜெபத்திலேயே, கேட்பது தேவ மகிமைக்கும் ஆத்தும நன்மைக்கும் ஏற்றதல்லவென்றால் ஏற்றதையே தரும்படி மன்றாடுகிற பகுதி இருக்கிறது. அதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

முத்துக்குளித்துறையில் நோயாளிகள் அழைக்கும் வீடுகளுக்கெல்லாம் தாமே போக முடியாதபோது, ஜெபம் கற்ற சிறுவர்களைத் தமக்குப் பதிலாக அனுப்பியதாக அவர் தம் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். நவநாள் செய்கிற நேயர்கள் தங்கள் மன்றாட்டைத் தாராளமாகக் கேட்கட்டும். ஒன்பதில் ஒரு நாளாவது அந்தச் சிறுவர்களைப்போல், தங்கள் தெருவில் படுத்திருக்கும் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய் அங்கே அந்த ஜெபத்தைச் சொல்லி வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.