பழுதும் மறைப்பும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களை நாம் பெரும்பாலும் வழிபாட்டு வேளையில் நினைவுகூர்கிறோம். அவை சோதனைக்கு உள்ளாவதோ கொடுக்கல் வாங்கலில். அதிலும் வாழ்நாளில் ஓரிரு முறையே நேர்வதும், பெருந்தொகை கைமாறுவதுமான வீடு விற்றல் ஒரு கடுஞ்சோதனையாகும்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்துவிட, முதியோர் தனித்திருந்த ஓட்டு வீடுகள் விலைக்கு வருகின்றன. கைமரத்தில் கறையான் ஏறியிருக்கும். மழைக்கு ஓடு ஒழுகும். திருமணச் செலவோ மருத்துவச் செலவோ நெருக்க, பழுது பார்க்கப் பணம் இராது. அவ்வாறே விற்றுவிடுவது அறமாகுமா என்று அன்பர் சிலர் வினவுகின்றனர்.

ஆகும் என்பதே நம் விடை. தோன்றுதலும் அழிதலும் பொருளின் இயல்பு என்று கற்றவர்கள் நாம். வீடு பழுதுறுவது உடையவரின் குற்றமன்று. வெடித்த சுவர் தன் நிலையைத் தானே உரைக்கிறது. அவ்வெடிப்பை அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, 'உறுதியான வீடு' என்று காட்டும்போதுதான் குற்றம் பிறக்கிறது. பழுது பாராமல் விற்ற வீட்டைவிட, விற்பதற்கென்றே ஒப்பனை செய்த வீடு பெரிய பொய்யாகக்கூடும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், போலியை மெய்ப்பொருளாகக் காட்டி விற்பதைக் கள்ளாமை விரதத்தின் வழுக்களுள் ஒன்றாக வைக்கிறது. பொய்யாமையோடு நில்லாமல், கள்ளாமையும் இங்கே கெடுகிறது என்பதை உணர்தல் வேண்டும்.

'அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை' என்பார் உளர். இவ்வாதம் மிகப் பழையது. உரோமாபுரி அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழிய 'கடமைகள்' என்னும் நூலில், அறைதோறும் பாம்பு தோன்றுவதும் மரம் உளுத்ததுமான வீட்டை, குறை கூறாமல் விற்கலாமா என்று ஆராய்கிறார். அங்கேயே ஒரு வழக்கையும் குறிப்பிடுகிறார். நிமித்தம் பார்ப்போர் தம் பார்வையை மறைக்கும் பகுதிகளை இடிக்குமாறு ஒருவருக்கு ஆணையிட்டனர். அவர் அதை மறைத்து வீட்டை விற்றுவிட்டார். அறிந்தும் உரைக்காத விற்பனையாளரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்று நடுவர் தீர்த்தார்.

நம் நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், இதற்கு ஒத்த நெறியையே கூறுகிறது. விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் அறியாததும், அவர் இயல்பான கவனத்தோடு பார்த்தும் கண்டறிய இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்துதல் கடமை. கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைச் சட்டம் வாங்குபவரின் கவனத்திற்கு விடுகிறது. மறைந்திருப்பதை விற்பவரின் நாவிற்கு விடுகிறது.

மறைந்திருப்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. இங்குப் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயற்பாட்டிற்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு குடிநீருக்கு ஏற்றதன்று. அது கண்ணுக்குத் தெரியாது; காய்ச்சினாலும் நீங்காது; நாளடைவில் குழந்தைகளின் பற்களில் கறையாகவும், பெரியோரின் எலும்புகளில் நோயாகவும் வெளிப்படும். தம் ஆழ்துளைக் கிணற்று நீரின் பரிசோதனை முடிவை அறிந்த ஒருவர், 'தண்ணீருக்குக் குறைவில்லை' என்று மட்டும் கூறி விற்பாராயின், சொன்ன சொல் மெய்யே, விளைவு இம்சை. உளுத்த உத்திரத்தின் அடியில் நாளை உறங்கப்போவதும் ஒரு குழந்தையே. வாய்மையும் அகிம்சையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

'தரகர் சொன்னார், நாம் சொல்லவில்லை' என்பதும் ஒவ்வாது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்றையும் வினைக்கு வாயிலாகக் கொள்வது நம் நெறி.

உண்மை உரைத்தால் விலை குறையுமே என்ற கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அக்குறைவு ஓர் ஏழைக் குடும்பத்திற்குப் பேரிடியாகலாம். ஆயினும், உத்திரத்தை மாற்றும் செலவு எப்படியும் ஒருவர் தலையில் விழத்தான் போகிறது. அதை அறியாதவர் தலையில் ஏற்றி நாம் பெறும் தொகை, அவர் மனைவியின் நகையை அடகு வைத்து வந்ததாகவும் இருக்கலாம். வாங்குவோருக்கும் ஒரு சொல்: இல்லாத குறையைப் பெரிதாக்கி, இடரில் இருப்பவரிடம் விலையைக் குறைப்பதும் அதே வழுவின் மறுபக்கம்.

செய்ய வேண்டியது எளிது. முன்பணம் பெறுமுன் வீட்டின் குறைகளை ஒரு தாளில் எழுதி, வாங்குபவர்க்குப் படித்துக் காட்டி, விற்பனை உடன்படிக்கையிலும் சேர்த்துவிடலாம். பழுது பார்க்கப் பொருள் வேண்டும்; உள்ளதை உரைக்க ஒரு தாள் போதும். வறியவராலும் காக்கக்கூடிய விரதம் இது.